பின்வாசல் வழியாக வல்லெட்டா

1984-ல் நான் முதன்முதலாக மால்டாவின் தலைநகருக்குப் போனபோது துறைமுகத்திலிருந்து ஊருக்குள் ஏற லிஃப்ட் கிடையாது. 1905-ல் வைத்த லிஃப்டை முந்தின வருஷம்தான் பிரித்துப் போட்டிருந்தார்கள். எனக்கு வயது இருபத்தாறு, அதனால் வருத்தமில்லை. போன வருஷம் மகள் வீட்டுக்குப் போனபோது மறுபடி பார்த்தேன். 2012-ல் திறந்த புது லிஃப்ட், 58 மீட்டர் உயரம், அரை நிமிடத்துக்குள் மேலே கொண்டுவிடுகிறது. முழங்காலுக்கு ரொம்பச் சந்தோஷம். மேலே போய் என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை.

1984-ல் எங்கள் சரக்குக் கப்பல் எதிர்க்கரையில் டிரை டாக்கில் கிடந்தது. சாயங்காலம் கை கழுவிவிட்டு, தைசா என்று அவர்கள் சொல்லும் வர்ணப் படகில் கிராண்ட் ஹார்பரைக் கடந்து சுங்கச்சாவடிப் படித்துறையில் இறங்குவோம். அண்ணாந்து பார்த்தால் தேன் நிறச் சுண்ணாம்புக் கல் மதில், அதற்கு மேல் இன்னொரு மதில், அதற்கும் மேலேதான் ஊர். கப்பல்காரனுக்கு வல்லெட்டாவின் தலைவாசல் கடல்தான். மறுபக்கம் அகழியும் பஸ் நிலையமும் இருந்த தரைவழி வாசலை நாங்கள் கொல்லைப்புறமாகத்தான் நினைத்தோம்.

ஊர் கடலுக்குள் நீட்டிய ஒரு நாக்கு. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். நுனியில் செயின்ட் எல்மோ கோட்டை. ஒரு பக்கம் கிராண்ட் ஹார்பர், இன்னொரு பக்கம் மர்சம்ஷெட். வளைகுடாவில் ஓடிய எங்கள் ஆட்களுக்கு அந்த 'மர்சா' உடனே புரிந்துவிட்டது: அரபு மொழியில் துறைமுகம். பல குறுக்குத்தெருக்களில் நடுவில் நின்றால் இரண்டு முனையிலும் ஒரு துண்டுக் கடல் தெரியும். இந்த ஊரில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

மால்டாவை ஆண்டுவந்த செயின்ட் ஜான் வீரர்கள் 1565-ல் துருக்கியர் முற்றுகையைத் தாங்கித் தப்பித்தார்கள். அடுத்த மார்ச்சிலேயே இந்த ஊருக்கு அடிக்கல் நாட்டினார்கள். போப் அனுப்பிய பொறியாளர் லாப்பரெல்லி காகிதத்தில் சதுரங்கக் கட்டம்போல் தெரு போட்டார். குன்றின் தலையைச் செதுக்கிச் சமமாக்குவதாகத்தான் திட்டம். துருக்கியர் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் பாதியில் விட்டார்கள். நேர்கோடுகளை அப்படியே மேடுபள்ளத்தின் மேல் போர்த்தியதில், தெரு பாதி தூரம் போய்ப் படிக்கட்டாகிவிடும். துருக்கியர் மறுபடி முற்றுகைக்கு வரவே இல்லை. 1798-ல் வந்த நெப்போலியன் பெரிய சண்டை எதுவுமின்றி உள்ளே போனார். படிகள் மட்டும் தங்கிவிட்டன. கவிஞர் பைரன் அவற்றைச் சபித்தே எழுதியிருக்கிறார். எங்கள் கப்பலில் மாலுமிகளின் மேஸ்திரியான போசன் பைரனைப் படித்ததில்லை. அதே கருத்தை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

போசன் மூச்சு வாங்கி ஏறியது ஸ்ட்ரெயிட் ஸ்ட்ரீட்டுக்காக. கைநீட்டினால் எதிர்வீட்டைத் தொட்டுவிடலாம் போன்ற சந்து. மாலுமிகளின் மதுக்கடைகளுக்குப் பேர்போனது. பதினைந்து வருஷமாக அதன் புகழைப் பாடியே எங்களைக் கூட்டிப்போனார். போனால், துருவேறிய பெயர்ப்பலகைகளும் அடைத்த கதவுகளும்தான். பிரிட்டிஷ் கடற்படை 1979-ல் மூட்டை கட்டியதோடு வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். போசன் அவரிடமே ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இப்போது அதே சந்தில் ஒயின் பார்கள். பழைய பலகைகளைத் துரு கலையாமல் அப்படியே மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் துருவுக்கும் சேர்த்துத்தான் பில்.

இந்த முறை நான் ஊருக்குள் போனது கொல்லைப்புறம் வழியாக, பஸ்ஸில். இன்று அதுதான் தலைவாசல். வாசல் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ கதவோ வளைவோ இல்லாமல் மதிலில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார். எதிரி நுழையாமலிருக்கப் பாறையில் வெட்டிய அகழியைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக நுழைகிறோம். 1942-ல் குண்டு விழுந்த ஓபரா அரங்கின் இடிபாட்டில் அன்று கார் நிறுத்தியிருந்தார்கள். இன்று திறந்தவெளி அரங்கம். கார் நிறுத்தத்தான் இடமில்லை. ஊருக்குள் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். துறைமுகம் எல்லோரும் முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்ளும் திரைச்சீலை ஆகிவிட்டது.

செயின்ட் அர்சுலா தெருப் படியில் உட்கார்ந்திருந்தேன். உணவுப் பையைச் சுமந்து ஏறிய பையன் என் போன் பேச்சைக் கேட்டு நின்றான். தஞ்சாவூர்ப் பக்கமாம்.

"இந்த ஊர்ல மேப் பொய் சொல்லும் அங்கிள். மூணு நிமிஷம்னு காட்டும். வந்து பாத்தா வண்டி ஏறாது, படி."

லாப்பரெல்லியின் காகிதமும் அதைத்தான் சொன்னது என்று விளக்க அவனுக்கு நேரமில்லை. பழைய ஆள் என்ற மிதப்பில் வழி சொன்னேன்: "படியில ஏறாத தம்பி. வண்டிய எடுத்துக்கிட்டு மேல மெர்ச்சன்ட்ஸ் ஸ்ட்ரீட் போயிரு, அது முதுகெலும்பு மாதிரி, படியே கிடையாது. அங்கேருந்து இறங்கிக்கோ."

போனான். ஐந்து நிமிடத்தில் அதே படியில், வண்டியில்லாமல், வேர்த்து வழிந்து ஏறி வந்தான்.

"அங்க பூரா டேபிள் சேர் போட்டு வெச்சிருக்காங்க அங்கிள். வண்டி நுழையாது."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு மேலே போனான்.