சித்தப்பாவுக்கு ஒரு பிரயாண விளக்கம்

 

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடைப்பட்ட 8,600 மைலை விமானத்தின் மணி வேகமான 560 மைலால் வகுத்தால் ஏறக்குறைய பதினைந்தரை மணிதானே வருகிறது, இங்கே வர ஒரு முழு நாளுக்கும் மேலாகும் என்று எழுதுகிற உன்னை எந்தப் புண்ணியவான் அமெரிக்காவில் உத்தியோகத்தில் வைத்தான் என்று தாங்கள் கேட்டிருந்த கடிதம் கிடைத்தது. தங்கள் கணிதத்தில் குற்றமில்லை; அதன்படி நேராகப் பறந்து வருகிற விமானம் சென்னையில் கிடையாது என்பதுதான் சங்கடம்.

துபாயில் மாறி வருவதென்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போக 4 மணி, அங்கிருந்து இங்கே வர 16 மணி. இவ்விரண்டுக்கும் நடுவே, நள்ளிரவிலும் பட்டப்பகலாக விளக்கெரிகிற பிரம்மாண்டமான கடைவீதியில் வாங்க மனமும் உறங்க இடமுமின்றி உலாவுகிற நேரத்தையும், மூன்று மணி முன்னதாக மீனம்பாக்கத்தில் ஆஜராகி வரிசையில் நிற்கிற நேரத்தையும், கும்பகோணத்திலிருந்து காரில் குலுங்கிக்கொண்டு வருகிற ஆறு மணியையும் எதனால் வகுப்பது?

வழியும் தாங்கள் சுவர்ப்படத்தில் அளவுகோல் வைத்துக் கண்டதல்ல. துபாயும் இவ்வூரும் ஏறக்குறைய நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் அது அட்லாண்டிக்கை நாடாமல் வட துருவத்தை ஒட்டியே செல்லும். கோடை காலத்தில் அவ்வழியே வந்தபோது, முன்னிருக்கையின் முதுகிலிருந்த சிறு திரை வெளியுஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் அப்பால் என்று அறிவித்துக்கொண்டிருக்க, எதிரே வைத்த தட்டிலிருப்பது ராப்போஜனமா காலைப் பலகாரமா என்று நான் நிர்ணயிக்க முடியாமல் திகைத்திருக்கையில், பக்கத்திலிருந்த பெரியவர், அஸ்தமிக்க மறுக்கிற சூரியனை ஜன்னல் வழியே நோக்கியவாறு, சாயங்கால சந்தியாவந்தனத்தை எப்போது பண்ணுவது என்று மிகுந்த விசாரத்தோடு கேட்டார்.

கிழக்கே டோக்கியோ வழியாகவும் வரலாம். உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிற பெருங்காற்று பின்னின்று தள்ளுவதால், டோக்கியோவிலிருந்து சுமார் 9 மணியில் வந்துசேரலாம். அதையே எதிர்த்துத் திரும்புகையில் 11 மணியாகும். ஆனால் பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுகிறபடியால், சனிக்கிழமை மாலை அங்கே ஏறுகிறவர் அதே சனிக்கிழமை காலை இங்கே இறங்குவார். தங்களோடு வருகிற சித்தியோ சனிக்கிழமை தவறாமல் ஒருபொழுது இருப்பவர். ஒரு சனிக்கிழமையை விரதத்தில் கழித்துவிட்டு வந்து இறங்குகிறவரிடம், மறுபடியும் விடிந்திருப்பது சனிக்கிழமைதான் என்று சொல்லுகிற தைரியம் எனக்கில்லை.

ஆகையால் டோக்கியோவில் ஏறுவது புதன்கிழமையாக அமையும்படி டிக்கெட் எடுங்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இந்த வழியில் இரண்டு கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்