இருபது ரூபாய் லாபம்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எனக்குள்ளே ஒரு நிதியமைச்சர் பிறந்தது அந்த வருடம்தான். நாடு தேறிவிட்டது என்கிறார்கள். இவர் மட்டும் இன்னும் பதவி விலகவில்லை.

போன சனிக்கிழமை, காத்தான்குடியில் வெங்காயம் கிலோவுக்கு இருபது ரூபாய் மலிவு என்று கேள்விப்பட்டு, கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளை உதைத்தேன். மலிவுதான். போன இடத்தில் கழிவு விலையில் ஒரு சாரம், ஒன்றுக்கு ஒன்று இலவசமாக இரண்டு பிளாஸ்டிக் வாளி, வெயிலுக்கு ஓர் இளநீர். மிச்சம் இருபது, செலவு இரண்டாயிரம், பெற்றோல் தனி.

மனைவி பையைக் கொட்டிப் பார்த்தாள். "மறுகா, கறிக்கு என்ன வாங்கின நீங்க?"

அதைத்தான் மறந்துவிட்டேன்.

அவள் வேலியோர முருங்கையில் இரண்டு கொப்பு ஒடித்தாள். வாவியில் வலை வீசிவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒரு கோர்வை செப்பலி வாங்கினாள். பாதித் தேங்காயில் பால்சொதி. நிதியமைச்சர் இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

"வாளி ரெண்டும் நல்லம்," என்றாள், அகப்பையை வைத்துவிட்டு. "போன காச நினைச்சு அழுதா, ஏந்துறதுக்கு உதவும்."