ஏற வேண்டிய முள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா லேண்ட்ரோவர் ஓட்டிய நாளில், சூடு காட்டும் முள்ளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரின் மேல்குழாயை விரலால் தொடுவார், பிறகு கீழ்க்குழாயை. மேலே சுட்டுக் கீழே குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். வாடை, சத்தம், குழாயின் விறைப்பு, எல்லாமே அவருக்குச் சேதி சொல்லும்.

இன்று என் கொட்டகையில் நிற்கும் சீரீஸ் 3 லேண்ட்ரோவர், 1971-க்கும் 1985-க்கும் இடையில் வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. மேட்டில் முள் சிவப்புக்குப் போனது சரி, சமதரையிலும் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகு, முள் நடுவில் நின்றுவிடும். எனக்குக் கோபம்தான் வந்தது. முள்ளை நடுவில் நிறுத்துவதும் அளவைத் திருத்துவதும் ஒன்றாகுமா?

முதலில் பெட்ரோல் முள்ளைப் பார்க்க வேண்டும். அதற்கும் வெப்ப முள்ளுக்கும் மின்சாரம் போவது ஒரே இடத்திலிருந்து. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து மின்சாரத்தை நிறுத்தும், ஆறியதும் மறுபடி விடும். இப்படி விட்டு விட்டு வருவதால் சராசரி 10 வோல்ட்டாகிறது. பெட்டியின் எர்த் துருப்பிடித்தால் இந்த விளையாட்டு நின்று, பேட்டரியின் முழு மின்சாரமும் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். என் வண்டியில் பாதி டாங்க்கு முழுசாகத் தெரிந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, தகரம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெட்ரோல் முள் உண்மைக்கு இறங்கியது.

வெப்ப முள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலேயே நின்றது. அப்படியானால் எஞ்சின் தலையில் இருந்து முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழற்றிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மீட்டரையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைய வேண்டும். இதில் அளவுக்கு மீறிக் குறைந்தது. யாரோ வேறு வண்டியின் சென்டரை மாட்டியிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் பருப்பு வேக நேரமாகும் என்று அம்மா சொன்னதும் இதனால்தான். கொதித்தால் 100 என்று வைத்துக்கொண்டு முள்ளைத் திருத்துகிறவர் ஐந்து டிகிரி தவறோடு மலை இறங்குவார்.

சரியான சென்டரைப் போட்டேன். 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது முள் நடுவுக்கு வந்தது. லேசர் தெர்மாமீட்டரும் அதையே சொன்னது.

மகள் வைத்திருக்கும் புதுக் காரில் முள் நடுவில் வந்து நின்றால் அசையாது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டர் அதை அங்கேயே பிடித்து வைக்கிறது, ஓட்டுகிறவர் பதறக்கூடாதாம். அப்பா காலத்து முள் அலைபாய்ந்தது, அதனால் மனிதர்கள் பானெட்டைத் திறந்தார்கள். இப்போது யார் திறக்கிறார்கள்?

போன வாரம் தாப்பாவிலிருந்து மலை ஏறும் பாதையில் மகள் லேண்ட்ரோவரை ஓட்டினாள். "அப்பா, முள் ஏறுதே!"

"ஏறணும்மா, மலை ஏறுறோமில்ல. இரண்டாவது கியருக்கு இறக்கு, ஃபேன் வேகமாச் சுத்தட்டும்."