வள்ளல் ஃபங்ஷனுக்கு ஒரு வாழ்த்து

அட்டவணையையே அள்ளித் தரும் ஃபங்ஷனே, உன்னை வாழ்த்த வந்திருக்கிறேன். மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் உன் உறவுக்காரன் ஒரே ஒரு மதிப்போடு நின்றுவிடுகிறவன். வரிசைகள் வேண்டுமென்றால் அங்கே ப்ரொசீஜரின் வாசலுக்குத்தான் போக வேண்டும். போஸ்ட்கிரெஸில் பிறந்த நீ அப்படியில்லை. வினவலில் ஒரு டேபிள் உட்கார வேண்டிய இடத்தில் டேபிளைப் போலவே வந்து உட்கார்கிறாய். 2009-இல் வந்த 8.4 பதிப்பு உனக்கு ‘ரிட்டர்ன்ஸ் டேபிள்’ என்ற பட்டத்தையும் சூட்டியது. பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதப்பட்ட உன்னைத்தான் சொல்கிறேன்.

முதலில் உன் கொடை. கேட்டதை மட்டும் அளந்து கொடுக்கும் கை உன்னுடையதல்ல. பில் டேபிளில் இருபது லட்சம் வரிசைகள் இருக்கட்டும். உன்னிடம் வந்து ‘லிமிட் 10’ என்கிறார் ஒருவர். நீ இருபது லட்சத்தையும் திரட்டி முடித்த பிறகே அந்தப் பத்தை நீட்டுகிறாய். உனக்குள் ‘ரிட்டர்ன் நெக்ஸ்ட்’ என்று வரிசை வரிசையாக எழுதி வைத்தாலும் ஒன்றைக்கூட முன்கூட்டி வெளியே விடமாட்டாய். கடைசி விருந்தாளி வந்து சேரும்வரை யாருக்கும் இலை போடாத வீட்டுக்காரரின் ஒழுங்கு அது. சேர்த்ததை வைக்க நினைவகத்தில் உனக்கு முதலில் ஒதுக்கியிருப்பது 4 எம்பி. அது நிரம்பினாலும் நீ கலங்குவதில்லை, மிச்சத்தை டிஸ்க்கில் கொட்டிக் குவிக்கிறாய். அறிக்கைக்காகக் கவுன்ட்டரில் நிற்கும் பெரியவருக்குப் பொறுமையை உன்னைப்போல் கற்றுத் தந்தவர் வேறு யாருமில்லை.

உன் சமநோக்கு அதைவிடப் பெரிது. எத்தனை வரிசை தருவாய் என்று பிளானர் கேட்டால், தனியாக யாரும் குறித்து வைக்காதவரை, உன் பெயரில் அதற்குக் கிடைக்கும் பதில் 1000. மூன்று வரிசை தரப்போகும் நாளிலும் ஆயிரம், முப்பது லட்சம் தரப்போகும் நாளிலும் ஆயிரம். அந்தச் சொல்லை நம்பித்தான் எந்த டேபிளை எதோடு எப்படிச் சேர்ப்பது என்று அது முடிவெடுக்கிறது. ஆயிரம் பேருக்கு உலை வைத்த இடத்தில் முப்பது லட்சம் பேர் வந்து உட்கார்ந்தாலும் உன் சொல் ஆயிரத்திலேயே நிற்கும். எஸ்க்யூஎல் சர்வரில் உன் ஜாதிக்காரர்கள் முதலில் 1 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 பதிப்பில் 100 என்றார்கள். 2017-இல் உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடவும் அங்கே வழி பிறந்தது. அந்த ஓட்டமெல்லாம் உன்னை அசைக்கவில்லை.

ரகசியம் காப்பதில் உனக்கு ஈடு ஏது? உனக்குள் நான்கு டேபிள்கள் மோதிக்கொண்டிருந்தாலும் ‘எக்ஸ்பிளெயின்’ போட்டுப் பார்ப்பவருக்கு ‘ஃபங்ஷன் ஸ்கேன்’ என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். வெளியே நிற்கும் ‘வேர்’ நிபந்தனை உன் வாசலைத் தாண்டி உள்ளே நுழைய முடியாது. உள்ளே இருக்கும் இண்டெக்ஸும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. உன் தம்பி ஒருவன் இருக்கிறான், வெறும் எஸ்க்யூஎல்லில் எழுதப்பட்டவன். ஒரே செலக்ட்டாக, ஸ்டேபிள் என்று அறிவிக்கப்பட்டு, வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டிருந்தால், வெளி வினவலோடு கரைந்தே போய்விடுவான். அவனுக்குத் தனி முகம் இல்லை. உனக்கு இருக்கிறது.

வாக்குத் தவறாமையும் உன் குணம்தான். இரண்டாவது நெடுவரிசை இன்டிஜர் என்று எழுதிவிட்டு உள்ளே ‘கவுன்ட்’ போட்டால், அது தருவது பிக்இன்ட். உருவாகும்போது நீ ஒரு வார்த்தை சொல்வதில்லை. முதல் வாடிக்கையாளர் கூப்பிடும் நேரம் பார்த்து, அமைப்பு பொருந்தவில்லை என்று எடுத்துச் சொல்கிறாய். சரி, தரும் நெடுவரிசைகளில் இன்னும் ஒன்றைச் சேர்ப்போம் என்று ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால், தரும் வடிவை மாற்ற மறுக்கிறாய். உன்னை நீக்கிவிட்டுத்தான் புதிதாக உருவாக்க வேண்டும். நீக்கப் போனால், உன்மேல் கட்டிய வியூக்கள் எல்லாம் உன் காலைப் பிடித்துக்கொள்கின்றன. அத்தனை பேருக்கும் நீதான் தூண்.

உழைப்பையும் சொல்லாமல் விட முடியாது. செலக்ட் பட்டியலில் உன்னை அடைப்புக்குள் வைத்து, புள்ளியும் நட்சத்திரமும் போட்டு ‘எல்லாம் கொடு’ என்றால், ஐந்து நெடுவரிசைக்கு ஐந்து முறை முழுதாக ஓடுகிறாய். ஒரே வேலையை ஐந்து தடவை, அதே சிரத்தையோடு. 2013-இல் வந்த 9.3 பதிப்பின் ‘லேட்டரல்’ உன்னை ஃப்ரம் பக்கம் அழைத்து ஒரே ஓட்டத்தில் முடிக்க வழி காட்டியது. பழைய கோடெல்லாம் உன்னை இன்னும் ஐந்து முறைதான் ஓட வைக்கிறது. ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

மாதக் கடைசி வந்துவிட்டது. கவுன்ட்டரில் பெரியவர் நிற்கிறார். அவருக்கு வேண்டியது தன் பெயரில் உள்ள ஒரு பில். நீ இருபது லட்சத்தை எண்ணி எடுத்துக்கொண்டிருக்கிறாய்.