தம்பி, கையை எடு

யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. யாரும் விழாத நேரத்தில்.

முன்பொரு முறை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. ஆளாளுக்கு "இரும்பு, இரும்பு" என்று கத்த, வண்டிச் சாவியை அவர் கையில் திணித்தேன். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். பக்கத்தில் கிடக்கும் கல், கம்பியை அகற்றி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்; ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இரும்புக்கு இதில் வேலையே கிடையாது. அன்றும் வலிப்பு தானாகத்தான் நின்றது. என் சாவி மட்டும் அவரோடு ஆம்புலன்ஸில் போய்விட்டது.

இந்த அவமானத்தில்தான் அலுவலகத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மை. உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவே வைத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக எழும்ப விட வேண்டும். நான் அழுத்தியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டலை அசைபோட்டதில், அதற்கு முன்னால் சொன்ன பாடத்தைக் கோட்டை விட்டேன். முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதிலும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால்தான் நெஞ்சில் கை வைக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததிலிருந்து, அதைச் சுற்றிக் காட்டும் வேலை சொந்தக்காரர்கள் மூலமாக என் தலையில் விழுந்துகொண்டே இருக்கிறது. அப்படி ஒரு புரட்டாசி வெயிலில் ராஜகிரி மலை ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் போன ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்து, அப்படியே சரிந்தார். முகலாயப் படைக்குப் பிடிக்க ஏழெட்டு வருஷம் ஆன மலையை, வெறும் டீயைக் குடித்துவிட்டு ஒரே மூச்சில் ஏறப் பார்த்திருக்கிறார்.

நான் பாய்ந்தேன். மண்டியிட்டேன். முழங்கையை விறைத்தேன். "ஒண்ணு" என்று எண்ணக்கூட இல்லை, அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, கையை எடு. பர்ஸ் அந்தப் பாக்கெட்ல இல்ல."

எழுந்து கௌரவமாக 108-ஐக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்றார்கள். செஞ்சிக் கோட்டை. கோட்டையில் எங்கே, பக்கத்தில் அடையாளம் என்ன? நிமிர்ந்து பார்த்தேன். "எதிர்ல கிருஷ்ணகிரி தெரியுதுங்க."

"கிருஷ்ணகிரி மாவட்டமா சார்?"

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று இங்கே மூன்று மலை இருப்பதை நான் விளக்கத் தொடங்கினேன். கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜாவின் கதையை நெருங்கும்போது, வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மா என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்.

"தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்." பெரியவரைச் சமமான கல்லில் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தார். கால் உயர்ந்தால் ரத்தம் தலைக்குத் திரும்பும் என்று பயிற்சியிலும் சொன்னார்கள். பொம்மைக்குக் கால் இல்லாததால் நான் மறந்திருக்கலாம். ஈரத் துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். நான் சோடாவை உடைத்துப் பெரியவர் வாயருகே கொண்டுபோக, கையிலேயே ஒரு தட்டு விழுந்தது. "தெளியட்டும்யா. பொரையேறிடும்."

அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு துண்டைக் கொடுத்தார். "இத விரிச்சுப் புடிச்சுக்கிட்டு வெயில் படாம நில்லு."

நின்றேன். பெரியவர் தெளிந்து, தண்ணீர் குடித்து, பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார். நெஞ்சு வலி இல்லை. கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, சரியான மாவட்டத்தில். ஏறும்போது அவர் மனைவி என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் காப்பாத்துச்சு" என்று சொன்னார்.

நான் மறுக்கவில்லை. வெள்ளரிக்கார அம்மா இன்னும் மலையில்தான் இருந்தார்.