பஸ் டிக்கெட் செருகின பக்கம்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. கண்ணாடியைத் தேடுத நேரத்துல ஒன் நோட்டு கையில ஆம்புட்டுச்சு. அடுத்தவன் நோட்டைப் படிக்கது தப்புதான். ஆனா நீ ‘பிப்ரவரி’ன்னு கொட்டை எழுத்துல போட்டு அடிக்கோடு வேற இழுத்து வச்சிருந்த. கண்ணு என்ன செய்யும், போயிட்டு.

படிச்சது 7, முடிக்காதது 4. முடிக்காதது மட்டும் சிவப்பு மையில. பஞ்சுக்கடைக் கணக்கப்பிள்ளை வாராக்கடனைத்தான் அப்படி எழுதுவாரு. அந்த நாலு பேரும் வட்டி கேட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கப் போறானா? 28 நாள்ல 7 புத்தகம்! நம்ம கரிசல் இந்த வேகத்துல வெளஞ்சிருந்தா நான் எப்பவோ ஜமீனாயிருப்பேன்.

அந்த ஏழையும் எடுத்துப் பாத்தேன். எல்லாம் ஒல்லி. சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனவன் கெடாயை எல்லாம் விட்டுட்டு ஏழு குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, “தலையை எண்ணிப் பாரு தாத்தா”ன்னானாம். அதுல ஒண்ணு, விடியக்காலம் எந்திரிச்சா பெரிய ஆளாயிரலாம்னு சொல்லுத புத்தகம். அதை மட்டும் ஒரே நாள்ல முடிச்சிருக்க. எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுனது நான். யாரு பெரிய ஆளுன்னு ஆச்சிகிட்ட கேட்டுக்கோ.

எங்க காலத்துல மழை பொய்ச்சா விராட பருவம் வாசிப்பாங்க. பாரதத்துல பருவம் 18, அதுல ஒண்ணே ஒண்ணு. பாண்டவங்க வேசம் போட்டு ஒளிஞ்சு கெடந்த அந்த ஒரு வருசத்துக் கதை மட்டுந்தான். ஒருத்தர் பாட, ஒருத்தர் அர்த்தம் சொல்ல, ராத்திரி ராத்திரி ஊரே மடத்துல உக்காந்து கேக்கும். கெழவிக பாதியில ஒறங்கிரும், கீசகன் சாகுத அன்னைக்கு மட்டும் ஒறங்காது. அந்தப் பருவம் முடிஞ்சதும் புத்தகத்தைக் கட்டி வச்சிருவாங்க. குருச்சேத்திரம் வரைக்கும் போறதே கிடையாது. அதுக்காக எந்த மேகமாவது, “மிச்சத்தையும் வாசிங்க, அப்பத்தான் எறங்குவேன்”னு சொல்லிருக்கா? இம்புட்டுக்கும், அதைத் தமிழ்ல பாடுன வில்லிபுத்தூராரே பத்துப் பருவத்தோட நிப்பாட்டிட்டாரு. அவரு வீட்டுல சிவப்பு மை இருந்ததாத் தெரியல.

ஒன் நாலுல ஒண்ணு ‘என் சரித்திரம்’. உ.வே.சா. 1940லருந்து ஆனந்த விகடன்ல வாராவாரம் எழுதுனது. 1942ல, 87 வயசுல, அவரு போய்ச் சேந்தப்போ சரித்திரம் முடியல. எழுதுனவரே முடிக்காததை நீ முடிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுத. ஆனா சும்மா சொல்லப்படாது, நீ விட்ட எடத்தைப் பாத்து எனக்குக் கோவம் வந்துட்டு. அந்தப் பையன் தமிழ் படிக்கணும்னு ஊரூரா அலைஞ்சு, மாயூரத்துல மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாக்கப் போறதுக்கு முந்தியே நடுவழியில எறக்கி விட்டுட்டியே, பாவிப் பயலே. இன்னும் கொஞ்ச தூரம் கூடப் போயிருந்தா வாத்தியாரைப் பாத்திருப்ப.

ரெண்டாவது, பொன்னியின் செல்வன். அஞ்சு பாகத்துல மூணோட நிக்கி. 1950ல தொடங்கி மூணரை வருசம் கல்கிப் பத்திரிகையில வந்த கதைலே அது! எங்க அக்கா ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்தைக் கிழிச்சுச் சேத்து பைண்டு பண்ணி வச்சிருந்தா. அதுல நடுவுல ரெண்டு வாரத்தைக் காணோம், பத்திரிகை வந்து சேரவே இல்ல. அந்த ரெண்டு வாரத்துல வந்தியத்தேவன் எப்படித் தப்பிச்சான்னு அவளாவே ஒரு கதை கட்டி எங்களுக்குச் சொல்லுவா. பின்னால அச்சுப் புத்தகம் வாங்கிப் பாத்தேன். அக்கா சொன்னதே நல்லாருந்துச்சு. கல்கியும்தான் ‘அமரதாரா’வைப் பாதியில விட்டுட்டு 1954ல போயிட்டாரு, அவரு மக ஆனந்திதான் முடிச்சு வச்சாங்க. நெனச்சா அது எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. ஏன்னு பெறகு சொல்லுதேன்.

மூணாவது, அந்த மொழிபெயர்ப்பு. அதை நீ விட்டது சரி. எழுவாய் இந்தப் பக்கம் நிக்கி, பயனிலை அடுத்த பக்கம் நிக்கி, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நானும் மூணாம் பக்கத்துல எறங்கிட்டேன். இப்ப ஆச்சியோட நார்த்தங்காய் ஜாடிக்கு மேல கெடக்கு, நல்லா அமந்துருக்கு.

நாலாவதுதான் பெருசு. நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக்காரரு பூமணி எழுதுன ‘அஞ்ஞாடி’. ஆயிரம் பக்கத்துக்கு மேல, தலைக்கு வச்சுப் படுத்தா கழுத்து சுளுக்கிரும். சாகித்திய அகாடமி 2014ல பரிசு குடுத்துச்சு. நம்ம கழுகுமலையில 1895ல நடந்த கலவரம் அதுக்குள்ள வருது. நீ 112ஆம் பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வச்சிருக்க. எடுத்துப் பாத்தா திருநவேலியிலருந்து கோவில்பட்டிக்கு. அங்கருந்து கழுகுமலைக்கு இன்னொரு பஸ் ஏறணும்லா? நீ ஏறல.

நான் ஏறிட்டேன். நீ வீட்டுலருந்தே வேலைன்னு சொல்லி எட்டு மணி வரைக்கும் ஒறங்குத நேரத்துல, அந்த 112லருந்து தொடங்குனேன். நேத்தோட 600 தாண்டியாச்சு. கதை ரயிலு மாதிரிதான் ஓடுது, ஆனா யாருக்கு யாரு என்ன வேணும்னுதான் பிடிபட மாட்டேங்கு. அண்ணன்னு நெனச்சு ரொம்பத் தூரம் ஒருத்தங்கூடப் போனேன், பாத்தா வேற வீட்டுக்காரன்.

மொதப் பக்கத்துலருந்து படிச்சா என்னன்னு கேப்ப. அதான் நீ படிச்சாச்சே. ஒரே வீட்டுல ரெண்டு பேரு எதுக்கு ஒரே வேலையப் பாக்கணும்? ஒருத்தர் விட்டதை வீட்டுல இன்னொருத்தர் எடுத்து முடிக்கலாம்லா, அந்த ‘அமரதாரா’ சங்கதி எனக்குப் பிடிச்சதும் அதுக்குத்தான். ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணைக்கு வா. மொத 112 பக்கத்தை நீ சொல்லு, கழுகுமலையில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லுதேன். சரித்திரத்தையும் கொண்டா, மாயூரத்துக்குச் சேந்தே போவோம்.

அந்த டிக்கெட்டைத் தேடாத. காது கொடைய எடுத்தேன், கிழிஞ்சு போச்சு.