சுவர் பூத்தலும் சுற்றம் வருதலும்: திருவொற்றியூர்ச் சான்றுகளை முன்வைத்து

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. வீட்டையும் சும்மா இருக்க விடுவதில்லை. இது ஏன் என்ற கேள்வியைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டியதில்லை. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் களவைச் சொன்னார், கற்பைச் சொன்னார்; அறுபதை ஒட்டிய வயதில் பாத்ரூம் டைல்ஸை மாற்றும் ஒழுக்கத்தைச் சொல்லாமல் விட்டார். அந்தக் குறையை என்னால் முடிந்தமட்டும் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், திருவொற்றியூரில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் வீடு. ஆய்வுக்காலம், அவர் பணி ஓய்வு பெற்ற 2014 முதல். தரவு திரட்டிய முறை, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. காசிமேட்டுச் சங்கரா கிடைத்த வாரங்களில் தரவும் கூடுதலாகக் கிடைத்தது. இந்தச் சாய்வை ஆய்வாளர் மறைக்க விரும்பவில்லை.

பெரியப்பா வேலை பார்த்தது எண்ணூர் அனல்மின் நிலையத்தில். 1970-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அந்த நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவர் பின்கட்டில் சாம்பல் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். “நான் வெளியே வந்து மூணு வருஷத்துல அதுவும் வீட்டுக்கு வந்துடுச்சு” என்றார். கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கொதிகலனைப் பராமரித்த கைக்கு ஒரு சுவராவது வேண்டும் என்பது உளவியல் விளக்கம். அதை நான் ஏற்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

முதலில் ‘பூத்தல்’ என்னும் கலைச்சொல். பெயிண்ட் அடித்து ஆறேழு மாதத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் வியர்க்கும். பிறகு பெயிண்ட் அப்பளம்போல் உப்பும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரியும். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புதான். பெரியம்மா திட்டியதும் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

ஏன் பூக்கிறது என்பதில் நான்கு கட்சிகள் உண்டு. பெரியம்மா கட்சி: 1989-ல் வீடு கட்டிய மேஸ்திரி கலவையில் கடல் மண்ணைச் சேர்த்துவிட்டார். இப்போதைய மேஸ்திரி கட்சி: “கடக்காத்து சார். சிமெண்டு இன்னா பண்ணும் பாவம்.” மூன்றாவது வேதியியல் கட்சி. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே உப்பையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. தண்ணீர் காய்ந்துபோக, தங்கிய உப்பு படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளுகிறது. சன்ஷேடிலும் மொட்டைமாடியிலும் நடப்பது இன்னும் மோசம். உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். மேலே மூடிய காரை வெடித்து, கீழே காயும் வடகத்தின்மேல் விழும்.

நான்காவதான பெரியப்பா கட்சிதான் சுவையானது. அவர் குற்றவாளியாக நிறுத்துவது வெள்ளைக்காரன் கட்டிய துறைமுகத்தை. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வந்த மணல் அதற்குத் தெற்கே தேங்கியது. இன்றைய அகன்ற மெரினா அப்படி விளைந்தது. மணல் வராத வடக்கில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடல் கரையைத் தின்றது. தின்ற இடத்தில் இப்போது கருங்கல் கிடக்கிறது. ஆகவே தன் படுக்கையறைச் சுவர் பொரிவதற்கும் மெரினாவில் சுண்டல் விற்பதற்கும் மூலம் ஒன்றே என்பது அவர் துணிபு. சிங்கப்பூரிலிருந்து வரும் பேரன் மெரினாவுக்குக் கூட்டிப்போகச் சொல்வான். “நம்ம மண்ணைத்தான்டா அங்க போய் மிதிக்கிற” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்.

இனி மூல நூல், அதாவது மேஸ்திரியின் எஸ்டிமேட். இதற்குப் பாடபேதம் மிகுதி. காலண்டர் தாளின் பின்புறம் எழுதிய பிரதியில் ‘சிமெண்ட் நான்கு மூட்டை’ என்றிருக்கிறது. வாய்மொழி மரபில் அது ஏழு. ‘பழைய பைப் மாற்ற’ என்ற வரி ஐயமற இடைச்செருகல். மை நிறமே வேறு. ‘பத்து நாள்’ என்பதற்கு உரையாசிரியர்கள் கூலி கொடுத்த நாள்களை மட்டும் கணக்கிட வேண்டும் என்பர். அமாவாசை, மேஸ்திரியின் மச்சான் கல்யாணம், மணல் வராமை ஆகியவை சேரா.

சுற்றம் வருதலுக்கு வருவோம். இவ்வூரில் இதற்கு மிகப் பழைய சான்று பெரியபுராணத்தில் உள்ளது. சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்தபோது, பிரிந்து போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அந்த நேரத்தில் சிவபெருமானே அந்த மரத்தில் போய் இருந்துகொண்டதாகக் கதை. அப்புறம் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து சுந்தரர் கிளம்பிப் போனார். எல்லை தாண்டியதும் பார்வை போயிற்று. பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு அந்த மகிழ மரத்தையும் சுற்றி வருகிறவர். மகன் போனில் “பொங்கலுக்குக் கண்டிப்பா வந்துடறேம்மா” என்றபோது அவர் சொன்ன மறுமொழி ஆய்வுக்குரியது: “சத்தியம் எல்லாம் பண்ணாதடா. இந்த ஊர்ல அது சரிப்படாது.”

பிள்ளைகள் வந்தால் தங்குவதற்காகத்தான் பெரிய வேலைகள் எல்லாம் நடந்தன. மருமகளுக்காக வெஸ்டர்ன் டாய்லெட், பேரனுக்காக ஏசி, கிண்டியில் இருக்கும் மகளுக்காகத் தனிக் கட்டில். டாய்லெட் மட்டும் ஏழு மாதம் பிடித்தது. முடிந்தது 2021 ஜனவரியில். பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மகள் ஞாயிறு வந்தால் இரவு தங்கியாக வேண்டும். துறைமுகம் நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் குழந்தையோடு யார் போவது? இப்போது தேரடியில் ஏறினால் நேரே கிண்டி. ஏழு மணிக்கு ரசம்சாதம் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறாள். போக்குவரத்து வசதி பெருகப் பெருகத் தங்கும் நேரம் குறைகிறது என்பது நம் முதல் விதி. அந்த டாய்லெட்டைப் பயன்படுத்துவது இன்று பெரியப்பாவின் முழங்கால் வலி ஒன்றே.

படிகளையும் விட்டுவிட முடியாது. 1989-ல் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் ஒரு கட்டத்தில் தெருவும் வாசலும் சமமாயின. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். வலது காலை எடுத்து வைத்துப் படியேறி வந்த மருமகள், இன்று குனிந்து இறங்கி வருகிறாள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறவர்களைப் பெரியப்பா விசாரித்தார். “பாதி தூக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டா இன்னா பண்ணுவீங்க?” என்று பெரியம்மா கேட்க, அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் அந்த இரண்டு படியும் இறங்கி உள்ளே வந்து மூன்று நாள் இருந்தது. மெட்ரோ வந்தபின் அந்த வீட்டில் மகளைவிட அதிக நாள் தங்கிய விருந்தாளி அதுதான்.

கடைசியாக ஹால் சுவர். இதை நான்கு முறை கொத்திப் பூசியாயிற்று. ஒவ்வொரு முறை பூக்கும்போதும் மகன் வீடியோவில் பார்த்துக் கவலைப்படுவான், பணம் அனுப்புவான், பிறகு “நானே வந்து நின்னு பண்றேன்” என்று பத்து நாள் லீவு போட்டு வருவான். மகளும் சாமான் நகர்த்த வந்து இரண்டு ராத்திரி தங்குவாள். நான்காம் முறை விலை உயர்ந்த வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்கள். ஒரு வருடம் சுவர் பளிங்குபோல் இருந்தது. யாரும் வரவில்லை.

போன மாதம் அதே சுவர் மறுபடி பூத்தது, அதுவும் ஒரே ஓரத்தில். வேதியியல் கட்சிக்கு இது பொருந்தாததால் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். மாடியில் இருந்த மூன்று மல்லிகைத் தொட்டிகளும் இறங்கி வந்து, சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. மண் சொதசொதவென்று இருந்தது. தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் பழந்துணி அடைத்திருந்தது.

“இங்க எதுக்கு பெரிம்மா தொட்டி?”

“மேல வெயில்டா. வாடிப் போவுது.”

மகளுக்குப் போன் போட்டுக்கொண்டே உள்ளே போனார். “செவுரு மறுபடியும் பூத்துடுச்சும்மா, அப்பாவால தனியா ஆவாது” என்பது வரை எனக்குக் கேட்டது. ஈரம் எங்கே இருந்து வருகிறது என்று முப்பது வருடம் கொதிகலன் பார்த்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும் என்று திரும்பினேன். பெரியப்பா குழாயடியில் குந்தி, இரண்டாவது வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.